போரில் இறந்த வீரருக்கு அரசு செய்யும் சிறப்பு

போரில் உயிர்நீத்த படைவீரருக்கு ஓர் அரசு பொதுவில் செய்யும் மரியாதைகள் மூன்று வகைப்படும். உடலுக்குச் செய்யப்படும் இறுதி மரியாதை ஒன்று. பெயர் நிலைக்க எழுப்பப்படும் நினைவுச்சின்னமும் வழங்கப்படும் விருதும் இரண்டாவது. பின்னால் நிற்கும் குடும்பத்துக்குத் தரப்படும் வாழ்வாதாரம் மூன்றாவது. இம்மூன்றும் எல்லாக் காலத்திலும் எல்லா வீரருக்கும் சேர்ந்து கிடைத்துவிடவில்லை. தமிழகச் சான்றுகளைக் கொண்டு இதன் வளர்ச்சியை இக்கட்டுரை விளக்குகிறது.

நடுகல்லும் உதிரப்பட்டியும்

தமிழகத்தில் இறந்த வீரருக்குச் செய்த சிறப்பின் பழைய வடிவம் நடுகல் ஆகும். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரையிலான சடங்குகளைத் தொல்காப்பியம் வரிசையாகக் கூறுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்துக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. பல்லவ மன்னர்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகியோரின் ஆட்சியாண்டுகளைக் குறிக்கும் வட்டெழுத்துக் கற்கள் இங்கு கிடைத்துள்ளன. அக்காலத்தில் பூசல் பெரும்பாலும் ஆநிரை கவர்வதில் தொடங்கியது. எனவே இக்கற்களில் பல, மாடுகளை மீட்கப் போரிட்டு இறந்தவர்களுக்கு உரியவை.

இக்கற்களின் சிறப்பு, இறந்தவரின் பெயரையும் அவர் எப்படி இறந்தார் என்பதையும் கூறுவதாகும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல்லில் கள்வரைக் கடித்த நாய்க்குக்கூடக் கோவிவன் என்று பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. இப்பகுதியில் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன.

நடுகற்கள் பலவற்றை உறவினரும் ஊராருமே எழுப்பினர். ஆட்சியாளரின் பங்கு பெரும்பாலும் நிலக்கொடையாக அமைந்தது. இறந்த வீரரின் குடும்பத்துக்கு அளிக்கப்பட்ட இந்நிலம் உதிரப்பட்டி எனப்பட்டது. உதிரம் என்றால் இரத்தம். சிந்திய இரத்தத்துக்கு ஈடாகத் தந்த நிலம் என்பது பொருள். கல் பெயரைக் காத்தது, நிலம் குடும்பத்தைக் காத்தது.

ஆங்கிலேயர் காலம்

முதல் உலகப்போரில் சென்னை மாகாணத்திலிருந்தும் ஏராளமானோர் படையில் சேர்ந்தனர். போருக்குப் பின் பல ஊர்களில் கல்வெட்டுப் பலகைகள் வைக்கப்பட்டன. வேலூர் மணிக்கூண்டில் உள்ள பலகை, அவ்வூரிலிருந்து 277 பேர் போருக்குச் சென்றதாகவும் அவர்களில் 14 பேர் உயிர்நீத்ததாகவும் கூறுகிறது. எண்ணிக்கை உண்டு, பெயர்கள் இல்லை. 1931இல் திறக்கப்பட்ட தில்லி இந்தியா கேட், 70,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் நினைவாகக் கட்டப்பட்டது. அதில் பொறிக்கப்பட்ட பெயர்கள் 13,000க்குச் சற்று அதிகம். சென்னையில் கோட்டைக்கு அருகே கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச்சின்னமும் முதல் உலகப்போரின் நினைவாக எழுந்ததே.

விடுதலைக்குப் பின்

1950 ஜனவரி 26 அன்று பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய விருதுகள் நிறுவப்பட்டன. இவை எதிரியை நேருக்கு நேர் எதிர்கொண்டு காட்டிய வீரத்துக்கு உரியவை. அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா ஆகியவை அத்தகைய போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கு உரியவை. மாணவர்கள் இவ்விரு வரிசைகளையும் குழப்பிக்கொள்வதுண்டு. இலங்கையில் 1987 நவம்பர் 25 அன்று உயிர்நீத்த மேஜர் இராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. 2014 ஏப்ரலில் காஷ்மீரில் பயங்கரவாதிகளுடன் போரிட்டு இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. 2023இல் அந்தமானின் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. பரமேஸ்வரனின் பெயரும் அவற்றுள் ஒன்று.

உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவரும் வழக்கம் பரவலானது 1999 கார்கில் போரின்போதுதான். அதற்கு முந்தைய போர்களில் இறந்தவர்களின் இறுதிச் சடங்கு பெரும்பாலும் போர்முனைக்கு அருகிலேயே நடந்தது. இப்போது தேசியக்கொடி போர்த்திய பெட்டி ஊர் வந்து சேர்கிறது. அமைச்சரோ மாவட்ட ஆட்சியரோ மலர்வளையம் வைக்கிறார். வீரர்கள் வானை நோக்கிச் சுட்டு மரியாதை செய்ய, சோக இசை ஊதப்படுகிறது. கொடியை உடலுடன் எரிப்பதோ புதைப்பதோ இல்லை. மடித்துக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கிறார்கள்.

2019 பிப்ரவரி 25 அன்று புதுதில்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் இறந்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதன் தியாகச் சக்கரத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நடுகல்லில் இருந்து, வேலூர்ப் பலகையில் இல்லாமற்போன பெயர் இங்கு மீண்டும் இடம்பெறுகிறது.

குடும்பத்துக்கான உதவி

போரில் இறந்தவரின் மனைவிக்கு, கணவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்துக்கு இணையான குடும்ப ஓய்வூதியம் உண்டு. இதற்கு மேல் மாநில அரசுகளும் உதவுகின்றன. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடனான மோதலில் இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி உயிர்நீத்தார். அவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாயும், குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் தமிழக அரசு அறிவித்தது. பின்னர் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. உதிரப்பட்டியின் இன்றைய வடிவம் இதுவே.

மூன்று மரியாதைகளில் முதலாவது ஒரு நாளில் முடிந்துவிடும். ஊரே அதைப் பார்க்கும். மூன்றாவது, பிள்ளைகள் படித்து ஆளாகும் வரை தொடர வேண்டியது. அதைப் பார்ப்பவர் குறைவு. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுவது இதற்காகவும்தான். அன்று திரளும் நிதி, போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உடலுறுப்பை இழந்த வீரர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் செலவிடப்படுகிறது. பள்ளியில் உண்டியல் வரும்போது மாணவர் இடும் பத்து ரூபாயும் இந்த மூன்றாவது மரியாதையில் சேர்கிறது.