635802: ஆம்பூர் எண்ணைப் பிரிக்கும் முறை

ஆம்பூரிலிருந்து புறப்படும் காலணிப் பெட்டிகளில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண் 635802. 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய அஞ்சல் குறியீட்டு முறையில் முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தையும் கடைசி மூன்றும் அஞ்சலகத்தையும் காட்டுகின்றன. வாணியம்பாடிக்கும் (635751) அதே 635, வேலூருக்கு 632. இந்த எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரிக்கத் தாளும் பென்சிலும் போதும்.

தோல் வெட்டுபவர் தோலை விரித்து, வடுவும் துளையும் எங்கே என்று பார்த்த பிறகே கத்தியை எடுப்பார். இங்கும் முதல் வேலை பார்வைதான். எண் இரட்டைப்படை, 2ஆல் வகுத்தால் 317901. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 21. எனவே 3ஆல் வகுபடும். கிடைப்பது 105967. இதன் கூட்டுத்தொகை 28. இனி 3 செல்லாது. கடைசி இலக்கம் 7 என்பதால் 2, 5 இரண்டும் விலகின.

அடுத்து எல்லை குறிக்க வேண்டும். 325இன் வர்க்கம் 105625, 326இன் வர்க்கம் 106276. நம் எண் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. எந்த எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரித்தாலும் சிறிய காரணி வர்க்கமூலத்தைத் தாண்டாது. ஆகவே 325 வரையுள்ள 66 பகா எண்களைச் சோதித்தால் போதும்.

7, 11, 13 மூன்றுக்கும் ஒரே கழித்தல். இவற்றின் பெருக்கம் 1001. அதனால் எண்ணை மும்மூன்று இலக்கமாக வெட்டி, 967இலிருந்து 105ஐக் கழித்து, வரும் 862ஐச் சோதித்தால் போதும். 7ஆல் வகுக்க மீதி 1. 11, 13 ஆகியவற்றால் வகுக்க மீதி 4. ஒரே வெட்டில் மூன்று துண்டு விழுவது போன்ற நேர்த்தி இது.

மீதமுள்ள 60 எண்களுக்கு, 17 முதல் 317 வரை, வரிசையாக நீள்வகுத்தல்தான். ஒவ்வொரு மீதியையும் ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் முடிவு செல்லாது. 29ஐ 3654ஆல் பெருக்கினால் 105966, ஒன்று குறைவு. 179ஐ 592ஆல் பெருக்கினால் 105968, ஒன்று அதிகம். முன்னதும் பின்னதும் உடைகின்றன; நடுவில் இருப்பது உடைவதில்லை. கடைசியாக 317, மீதி 89. 105967 பகா எண் என்பது உறுதி.

ஆக, 635802 = 2 × 3 × 105967. வகுத்திகள் எட்டே. இராமானுஜன் 1915இல் இலண்டனில் வெளியிட்ட மிகுபகு எண்களின் (தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்டவற்றின்) பட்டியலிலுள்ள 720720க்கோ 240 வகுத்திகள்.

எண்ணைத் தவிர்த்த ஏழு வகுத்திகளையும் கூட்டுவது இறுதிக் கட்டம். 105967, 211934, 317901 ஆகிய பெரிய மூன்றின் கூட்டுத்தொகை சரியாக 635802. மிஞ்சுபவை 1, 2, 3, 6. அவற்றின் கூட்டுத்தொகை 12.