கொடைக்கானல்ல ஃபாரின் கேம்பர் வேன் 4 லட்சத்துக்கு வருதா? அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வட்டக்கானல் பக்கம் ஒரு பழைய கேம்பர் வேன் நிக்குது. உள்ள கட்டில், குட்டி அடுப்பு, சிங்க், எல்லாம் இருக்கு. வெளிநாட்டு நம்பர் பிளேட். ஓனர் ஊருக்குத் திரும்பப் போறார், "4 லட்சம் கொடுங்க, எடுத்துக்கோங்க"ன்னு சொல்றார். ஹோம்ஸ்டே வாசல்ல நிறுத்தி ராத்திரிக்கு வாடகை விட்டா போதும், போட்ட காசு ரெண்டு சீசன்ல வந்துடும்னு உங்க மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடும். கொஞ்சம் பொறுங்க.

முதல்ல அந்த வண்டி இந்தியாவுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. சுற்றுலாப் பயணிகள் ஓட்டிட்டு வர்ற வண்டிகள் பெரும்பாலும் 'கார்னே' என்ற ஆவணத்துல வரும். வண்டிக்கான பாஸ்போர்ட் மாதிரி. வரி கட்டாம உள்ள வரலாம், ஆனா பொதுவா ஆறு மாசத்துக்குள்ள வெளியே போயாகணும், நீட்டிப்பு வேணும்னா அனுமதி வாங்கணும். இங்க விற்க முடியாது, வாடகைக்கும் விட முடியாது. இதுக்காகவே ஓனர் தன் நாட்டு ஆட்டோமொபைல் சங்கத்துல உத்தரவாதம் கட்டியிருப்பார். வண்டி வெளியே போன முத்திரை கார்னேல விழலைன்னா, நம்ம சுங்கத்துறை வரியை அந்த சங்கத்துக்கிட்ட கேட்கும், சங்கம் அவர் உத்தரவாதத்துல கை வைக்கும். அப்போ அவர் ஏன் 4 லட்சத்துக்கு விற்கிறார்? ஒண்ணு, அவருக்கே விதி தெரியல. இல்ல, தெரிஞ்சே உங்க தலையில கட்டப் பார்க்கிறார்.

"சரி, நானே வரி கட்டி ரெகுலர் பண்ணிக்கிறேன்"னு சிலர் சொல்வாங்க. அதுவும் நடக்காது. பழைய வண்டி இறக்குமதிக்கான பொது விதிப்படி வண்டிக்கு வயசு மூணு வருஷத்தைத் தாண்டக்கூடாது, வலதுபக்க ஸ்டியரிங் இருக்கணும், மும்பை துறைமுகம் வழியாத்தான் வரணும். உங்க முன்னாடி நிக்கிற 1980-கள் வேன், ஐரோப்பிய இடதுபக்க ஸ்டியரிங், தரைவழியா வந்தது. ஒண்ணுலயும் பொருந்தல. இது போக, பழைய கார்களுக்கு அடிப்படை சுங்க வரியே பல வருஷம் 125 சதவீதமா இருந்துச்சு. அதுவும் நீங்க கொடுத்த விலைக்கு இல்ல, சுங்கத்துறை போடுற மதிப்புக்கு.

வாங்கிட்டு மாட்டினா? சுங்கச் சட்டம் 1962-ல 111-ம் பிரிவு பறிமுதல். 125-ம் பிரிவுல அபராதம் கட்டி மீட்க வாய்ப்பு கொடுக்கலாம், ஆனா வரியும் கூடவே வரும். உங்க 4 லட்சத்தை வாங்கினவர் அப்போ விமானத்துல இருப்பார்.

இப்போ ரெண்டாவது வகை. வண்டி வெளிநாடு, ஆனா இந்திய ஆர்சி இருக்கு. இதை வாங்கலாம். ஆனா ஆர்சி மட்டும் போதும்னு நினைக்காதீங்க. 2025 செப்டம்பர்ல கொச்சி சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்'னு ஒரு சோதனை நடத்துச்சு. பூட்டான்ல இருந்து வரி ஏய்ச்சு கொண்டு வந்து, போலி ஆவணங்களோட இங்க பதிவு பண்ணதா சந்தேகப்பட்ட வண்டிகள். ஒரே நாள்ல 30-க்கும் மேல பறிமுதல். பல வண்டிக்கு இந்திய நம்பர் இருந்துச்சு, சில ஓனர்கள் சினிமாக்காரங்க. எங்கயோ நடந்ததுன்னு விட்டுடாதீங்க, கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் கேரளாதான்.

அதனால விற்கிறவர்கிட்ட 'பில் ஆஃப் என்ட்ரி' நகலைக் கேளுங்க. வண்டி சுங்கத்துல வரி கட்டி வந்ததுக்கு அதுதான் சாட்சி. அதுல இருக்கிற சேஸிஸ் நம்பரை, வண்டியில டார்ச் அடிச்சு நீங்களே பாருங்க. பரிவாஹன்லயும் ஒப்பிடுங்க. வெளிமாநில வண்டின்னா படிவம் 28 என்ஓசி, பெயர் மாற்ற படிவம் 29, 30. அப்புறம் தமிழ்நாட்டு வரி. இது வழக்கமான வேலைதான்.

நிறைய பேர் மறக்கிற செலவு ஒண்ணு இருக்கு. ஆர்சி புதுப்பிப்பு. 2022 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 40,000. 2025 ஆகஸ்ட் அறிவிப்புக்கு அப்புறம் 20 வருஷம் தாண்டினா முறையே 10,000, 80,000. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை! 4 லட்ச ரூபாய் வண்டிக்கு அஞ்சுல ஒரு பங்கு.

50 வயசு தாண்டிய வண்டின்னா 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு இருக்கு, 'விஏ' எழுத்தோட நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா தினசரி ஓட்டவும் வியாபாரத்துக்கும் அனுமதி இல்ல. இறக்குமதி வண்டிக்கு இதுலயும் பில் ஆஃப் என்ட்ரி கேட்பாங்க. ஹோம்ஸ்டே கனவு இங்கயே முடிஞ்சுது.

இன்னொண்ணு, காசு சம்பந்தமில்லாதது. வத்தலக்குண்டு மலைப்பாதையில இடதுபக்க ஸ்டியரிங்ல உட்கார்ந்து முன்னாடி போற பஸ்ஸை ஓவர்டேக் பண்ணிப் பாருங்க, எதிர்ல என்ன வருதுன்னே தெரியாது.

வேன்ல தூங்கணும்கிற ஆசைதான் முக்கியம்னா, நம்ம ஊர் வேனையே கேம்பரா மாத்தலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கிட்டு வேலையை ஆரம்பிங்க. ஃபாரின் வேன்தான் வேணும்னா, இன்னைக்கு ஓனருக்கு ஒரே ஒரு மெசேஜ் போடுங்க: "பில் ஆஃப் என்ட்ரி போட்டோ அனுப்புங்க." அவர் கார்னே போட்டோவை அனுப்பினா, போனை வச்சிட்டு டீ குடிக்கப் போங்க.