தொப்பையில் தொடங்கும் நெஞ்சுவலி

என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தபோது வயது 49. சனிக்கிழமை காலை, கிள்ளானில் வீட்டுக்கு அருகிலுள்ள மாமாக் கடையில் பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தது. “காத்துப் பிடிச்சிருக்கு, கொஞ்சம் ஓமத்தண்ணி போட்டுக் கொடு” என்று அண்ணியிடம் கேட்டுக் குடித்தார். மார்பில் தைலம் தேய்த்துக்கொண்டார். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்த பிறகுதான் அண்ணி பயந்துபோய் 999-க்கு அழைத்தார். அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

உயிர் பிழைத்தார். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் செத்துப்போன இதயத் தசை திரும்ப வரவில்லை. இப்போது ஒரு மாடி ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிறார்.

மருத்துவமனையில் டாக்டர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்? நீங்கள் எல்லாரும் பரிசோதனை செய்துகொண்டீர்களா?” அண்ணனைத் தவிர்த்து மூன்று பேர் இருக்கிறோம். ஒருவர்கூடச் செய்ததில்லை.

அண்ணனைக் குண்டு என்று நாங்கள் நினைத்ததே இல்லை. கை கால்கள் சாதாரணமாகத்தான் இருக்கும். வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். “அண்ணி கைப்பக்குவம்” என்று கேலி செய்வோம். அவரும் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

அளவு நாடா சொன்னது

அன்றிரவு அம்மாவின் தையல் இயந்திரத்திலிருந்து அளவு நாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றிப் பார்த்தேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளக்க வேண்டும். 94 சென்டிமீட்டர். ஆசியப் பெண்களுக்கு எல்லை 80, ஆண்களுக்கு 90.

அடுத்து உடல் எடைக் குறியீடு. எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். என் எடை 71 கிலோ, உயரம் 1.58 மீட்டர். விடை 28.4. ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 27.5-ஐத் தாண்டினால் உடற்பருமன். 43 வயதில் நானும் அந்தப் பட்டியலில்தான் இருந்தேன்.

நமக்கு மட்டும் ஏன் எல்லை குறைவு? ஒரே குறியீடு கொண்ட ஓர் ஐரோப்பியரையும் ஒரு தெற்காசியரையும் ஒப்பிட்டால், நம்மவர் உடலில்தான் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள். 52 நாடுகளில் நடத்தப்பட்ட ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004-இல் வெளியானது. வயிற்றுப் பருமன் மாரடைப்புக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று என்று அது காட்டியது. அந்த ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு ஏறக்குறைய 59.

நம் நாட்டு நிலவரமும் நன்றாக இல்லை. 2011-இல் பெரியவர்களில் 44.5 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் அது 54.4 விழுக்காடாகிவிட்டது.

கொழுப்பு சும்மா இருப்பதில்லை

தொப்பை என்பது தோலுக்கடியில் சேர்ந்த மூட்டை மட்டுமல்ல. கல்லீரலையும் குடலையும் சுற்றிப் படியும் கொழுப்பு, கொழுப்பு அமிலங்களையும் அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் ஓயாமல் இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை ஏறுகிறது. கல்லீரல் டிரைகிளிசரைடை அதிகம் உற்பத்தி செய்கிறது. நல்ல கொழுப்பு குறைகிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. இவையெல்லாம் சேர்ந்து இரத்தக் குழாயின் உட்சுவரில் படிவுகளை வளர்க்கின்றன. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கும்போது மாரடைப்பு வருகிறது.

இது தவிர, பருத்த உடலுக்கு இரத்தம் அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்கிறது. அதன் சுவர் தடிக்கிறது. அண்ணனின் குறட்டையைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடுவதற்கு அது அறிகுறியாக இருக்கலாம் என்றும், அதுவும் இதயத்துக்குச் சுமை என்றும் பிறகுதான் தெரிந்தது.

தட்டு மட்டும் மாறவில்லை

எங்கள் அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு கிளம்பி நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவருக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. நாங்கள் தாமானுக்கு வந்தோம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். தட்டின் அளவு மட்டும் அப்பா காலத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது. அப்பாவுக்கு இல்லாத தே தாரிக்கும் இரவு பத்து மணி ரொட்டி சானாயும் அதன்மேல் சேர்ந்துகொண்டன. ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி. நான் இரண்டு சாப்பிடுவேன்.

பட்டினி கிடக்கவில்லை, இணையத்தில் விற்கும் ‘ஸ்லிம்மிங்’ தேநீர் எதையும் வாங்கவில்லை. தே தாரிக்குக்குப் பதில் தே-ஓ கோசோங். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’. நம்ம சுக்கு இல்லை. மலாயில் கால், கால், பாதி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதிக்குக் காய்கறியும் பழமும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை. முதல் மாதம் ஒரு கிலோகூடக் குறையாமல் அழுகை வந்தது. ஆறு மாதத்தில் 5 கிலோ குறைந்தது.

இது பெரிய சாதனை இல்லை. இடுப்பு இன்னும் 88-இல் நிற்கிறது. ஆனால் உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் இறங்கத் தொடங்கும் என்றார் டாக்டர். என் பரிசோதனை முடிவும் அதைத்தான் காட்டியது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் “என்னம்மா இப்படிப் பெருத்துட்டே?” என்று கேட்பதால் யாருக்கும் எடை குறைவதில்லை. கேட்ட அதே வாயால், “இன்னொரு லட்டு வை” என்றும் சொல்கிறோம். அதைவிட, “வா, கிளினிக்குக்குச் சேர்ந்து போகலாம்” என்று கூப்பிடுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் அரசாங்க கிளினிக்கிலேயே பார்க்கலாம். 40 வயதைத் தாண்டிய குறைந்த வருமானத்தினருக்குப் ‘பெக்கா பி40’ திட்டத்தில் பரிசோதனை இலவசம்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் ஓமத்தண்ணி வேண்டாம்; உடனே 999. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் வரக்கூடும்.

போன வாரம் அண்ணன் வீட்டுக்கு அந்த அளவு நாடாவைக் கொண்டுபோனேன். அண்ணனை அளந்த பிறகு, 22 வயது மகனைக் கூப்பிட்டு, “நீயும் வாடா” என்றார் அவர். பையன் வெட்கப்பட்டுக்கொண்டே சட்டையைத் தூக்கினான். 91.