வழி அனுப்பும் பெற்றோர், வழி தேடும் பிள்ளைகள்
(வானொலி மறையுரை)



மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் பங்கு இல்லத்தின் கதவு அடிக்கடி தட்டப்படும். சிலர் இனிப்போடு வருவார்கள். சிலர் கண்ணீரோடு வருவார்கள். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் ஒரு தந்தையும் மகளும் சண்டையோடு வந்தார்கள். அந்தக் குடும்பத்தின் இசைவோடுதான் இதைச் சொல்கிறேன்.

மகளுக்கு வயது பதினேழு. நல்ல மதிப்பெண். சென்னையில் படிக்க வேண்டும், அதுவும் கல்லூரி திறக்கும் வரை காத்திராமல் இப்போதே போய் உறவினர் வீட்டில் தங்க வேண்டும் என்றாள். தந்தையோ, "கள்ளக்குறிச்சியில கல்லூரி இல்லையா சாமி? பஸ்ல போயிட்டு வரட்டுமே" என்றார். நான் நான்காம் கட்டளையை நினைவூட்டி, "அப்பா சொல்றதைக் கேளும்மா" என்று பேச்சை முடித்துவிட்டேன். தந்தை வெளியே போனபின் அவள் வாசலில் நின்று, "சாமி, ராத்திரியில எங்க வீட்டுல புத்தகத்தைத் திறக்க முடியுமான்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தந்தை குடிப்பவர். அவளுக்குச் சென்னைமீது இருந்த ஆசையைவிட, இரவுகளைப் பற்றிய அச்சம் பெரிதாக இருந்தது.

நான்காம் கட்டளையை நான் பாதியாகத்தான் சொல்லியிருந்தேன். பெற்றோருக்குக் கீழ்ப்படிவது பிள்ளைகள் வீட்டில் வளரும் காலத்துக்கு உரியது, பெற்றோரை மதிப்பதோ வாழ்நாள் முழுவதற்கும் உரியது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி வேறுபடுத்திக் காட்டுகிறது (எண் 2217). வளர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் தொழிலையும் வாழ்க்கை நிலையையும் தேர்ந்துகொள்ளும் உரிமையும் கடமையும் உண்டு. அவர்கள் பெற்றோரின் ஆலோசனையை விரும்பிக் கேட்க வேண்டும். பெற்றோர் அவர்களை வற்புறுத்தக் கூடாது (எண் 2230). பதினேழு வயது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வயது. சட்டப்படி பதினெட்டு ஆகும்வரை பெற்றோரின் கையெழுத்து வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையின் மனம் ஏற்கெனவே பயணத்தைத் தொடங்கியிருக்கும்.

திருவிவிலியத்தில் தோபித்து நூலை எடுத்துப் பாருங்கள். மேதியா நாட்டில் கபேலிடம் கொடுத்து வைத்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கிவரத் தோபித்து தம் மகன் தோபியாவை அனுப்புகிறார். எப்படி அனுப்புகிறார்? முதலில் நம்பிக்கைக்குரிய ஒரு துணையைத் தேடச் சொல்கிறார். வந்தவரிடம் எந்தக் குலம், எந்தக் குடும்பம் என்று விசாரிக்கிறார். நாள் கூலியையும் பேசி முடிக்கிறார். அந்தத் துணைவர் வானதூதர் இரபேல் என்பது அவருக்குத் தெரியாது. தாய் அன்னாவோ அழுகிறார். பணத்தைவிடப் பிள்ளைதானே பெரிது என்று கணவரைக் கடிந்துகொள்கிறார். தோபித்து அவரைத் திட்டவில்லை, தேற்றுகிறார். மகன் திரும்பத் தாமதமானபோது அந்தத் தாய் நாள்தோறும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயின் அழுகையைத் திருவிவிலியம் மறைக்கவில்லை. ஆனால் அந்த அழுகை பயணத்தைத் தடுக்கவும் இல்லை.

நம் கல்வராயன் மலைப் பெற்றோருக்கு இது புதிதல்ல. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வரும் பேருந்தில், பெட்டியோடு விடுதிக்குப் போகும் சிறு பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். மலையின் சேலம் மாவட்டப் பக்கத்தில், கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளியில் படித்த ராஜேஸ்வரி 2025இல் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றதை நாளிதழ்களில் படித்தோம். வீட்டை விட்டுப் போவது வீட்டைக் கைவிடுவது ஆகாது.

ஆகவே பிள்ளைகளே, உங்களிடம் ஒரு கேள்வி. எதை நோக்கிப் போகிறீர்கள்? அல்லது எதை விட்டு ஓடுகிறீர்கள்? எந்தப் பாடம், எந்தக் கல்லூரி, எங்கே தங்குவது, மாதம் எவ்வளவு செலவு என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது பயணம். நண்பர்கள் போகிறார்கள் என்பதற்காக மட்டும் என்றால், சற்றுப் பொறுங்கள். வீட்டில் அடியோ அச்சமோ இருந்தால், அல்லது பதினெட்டு நிறையுமுன் திருமணப் பேச்சு நடந்தால், மறைக்காதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள், என்னிடம் சொல்லுங்கள், 1098 என்ற எண்ணில் அழையுங்கள். உதவி கேட்பது பெற்றோரை அவமதிப்பது ஆகாது.

பெற்றோரே, பிள்ளை "போகணும்" என்றவுடன் "கூடாது" என்று தொடங்காதீர்கள். "ஏன்?" என்று கேளுங்கள். பிறகு தோபித்தைப்போல விசாரியுங்கள். விடுதியை நேரில் போய்ப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் உண்டு. பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வழியை அடைக்க வேண்டாம்.

தந்தையரே, உங்களிடம் தனியாக ஒரு சொல். 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. குடி ஒரே நாளில் கொல்லாத வீடுகளிலும், அது பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்படிப் போகும் பிள்ளை, வீடு திரும்பும் ஆசையையும் இழந்துவிடலாம்.

அந்தத் தந்தையிடம் மறுநாள் நான் போனேன். மகள் சொன்னதை மகளே அவர் முன் சொன்னாள். அவர் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்றார். ஆனால் இப்போதே அல்ல, கல்லூரி திறக்கும்போது என்று முடிவாயிற்று. உறவினர் வீடு வேண்டாம், கல்லூரி விடுதியே போதும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஜூன் மாதத்தில் உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை போகும் பேருந்தில் இருவரும் சேர்ந்து ஏறினார்கள். அவர் குடியை முழுவதுமாக விட்டுவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மகள் விடுமுறைக்கு வரும் நாள்களில் அவர் குடிப்பதில்லை. அவளும் வரத் தவறுவதில்லை.

தோபித்து பார்வை இழந்தவர். வெளியே அனுப்பிய மகன் வழியில் பெற்றுவந்த மருந்தால்தான் அவருடைய கண்கள் திறந்தன. நாம் நம்பி அனுப்பும் பிள்ளை, நமக்கே ஒளியாகத் திரும்பி வரலாம். இந்த ஆண்டு நம் பங்கிலிருந்து கல்லூரிக்குப் புறப்படும் ஒவ்வொரு பிள்ளையோடும் இரபேல் வானதூதர் துணையாகச் செல்ல மன்றாடுவோம். ஆமென்.