எழுத்து மறைந்த கணக்கேடு

மாணவ நண்பர்களே, வாணியம்பாடியிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையில் நாட்றம்பள்ளி என்றோர் ஊர் உண்டு. அதுவே என் ஊர். தோல் பதனிடும் தொழில் எங்கள் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. என் தந்தையார் அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதும் பணியில் இருந்தவர். அங்கு வேலை செய்தவர்களின் பெயர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, கடைசியாகப் பெற்ற கூலி ஆகியவற்றை அவர் 2001-ஆம் ஆண்டில் கணிப்பொறியில் ஏற்றி, ஒரு குறுந்தகட்டில் பதிந்து வைத்தார்.

பல ஆண்டுகள் சென்றன. தந்தையாரும் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற கோப்புகளை என் கணிப்பொறியில் படியெடுத்துக்கொண்டேன். அவற்றைப் புதிய முறைக்கு மாற்றலாம் என்று கருதி ஒரு சிறு நிரல் எழுதினேன். நிரல் ஓடத் தொடங்கியதும் நின்றுவிட்டது. "முதல் எண்ணே பொருந்தவில்லை" என்பது அதன் முறையீடு. எனக்கோ அவசரம். "பொருந்தாதவற்றை விட்டுவிட்டு மேலே செல்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். நிரல் முணுமுணுக்காமல் ஓடி முடிந்தது. பழைய கோப்பின் மேலேயே புதியதையும் எழுதிவிட்டது. வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு பெரியவர் வந்தார். தாம் அத்தொழிற்சாலையில் வேலை செய்த ஆண்டுகளுக்குச் சான்று ஏதேனும் கிடைக்குமா என்று கேட்டார். கோப்பைத் திறந்தேன். திரை நிறைய ஆண்டுகளும் கூலித் தொகைகளும் நின்றன. பெயர் ஒன்றுகூட இல்லை. இடையிடையே கீற்றணிந்த ஐரோப்பிய எழுத்துகள் சில கிடந்தன. பெரியவர் எட்டிப் பார்த்து, "தொகை இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, என்னைத்தான் காணோமே தம்பி" என்றார்.

இவ்வாறு நேர்ந்தது ஏன்? கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். பூச்சியமும் ஒன்றுமாக எட்டு இலக்கங்கள் சேர்ந்தது ஒரு பைட்டு. அதில் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுதலாம். எந்தக் கோப்பும் இத்தகைய எண்களின் வரிசையே. எந்த எண் எந்த எழுத்து என்பதைச் சொல்வது கோப்பன்று. வெளியிலுள்ள ஓர் அட்டவணை. 1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் அட்டவணை 128 இடங்களே கொண்டது. ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் சில குறிகளும் அதில் அடங்கின. 128-க்கு மேற்பட்ட இடங்களை ஒவ்வொரு மொழியினரும் தத்தம் தேவைக்கேற்ப நிரப்பிக்கொண்டனர்.

தமிழரும் அவ்வாறே செய்தனர். பல நாடுகளில் வாழ்ந்த தமிழன்பர்கள் மின்மடல் வழியே கலந்து பேசி வகுத்த டிஸ்கி அவற்றுள் ஒன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் முறைகள் தமிழ்நாட்டில் ஏற்கப்பட்டன. இவையன்றித் தனித்தனி எழுத்துருக்காரர்கள் வகுத்த முறைகளும் பல இருந்தன. என் தந்தையாரின் கோப்பு டிஸ்கியில் அமைந்தது.

டிஸ்கியில் 'தமிழ்' என்ற சொல் நான்கு எண்கள்: 190, 193, 162, 250. இவற்றையே மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான அட்டவணையைக் கொண்டு படித்தால் என்ன தோன்றும்? 190 என்பது அங்கே முக்கால் என்னும் பின்னக்குறி. 193 கீற்றணிந்த பெரிய 'ஏ'. 162 அமெரிக்கச் சில்லறையான சென்ட்டின் குறி. 250 கீற்றணிந்த 'யு'. எண்களில் ஒன்றும் மாறவில்லை. படிக்கும் அட்டவணைதான் மாறிற்று. அந்த ஐரோப்பிய அட்டவணை எந்த எண்ணையும் மறுப்பதில்லை. ஆதலால் எந்தப் பிழையும் அறிவிக்கப்படாது. தவறாகப் படித்துவிட்டுச் சரியாகப் படித்ததுபோல் அமைதியாக இருந்துவிடும்.

இக்குழப்பம் தீர உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக எழுந்தது யூனிகோடு. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறைகளுள் இன்று பெருவழக்காய் உள்ளது யூ.டி.எப்.-8. அதனை 1992-இல் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் வகுத்தனர். இதன்படி 'த' என்ற ஓரெழுத்து 224, 174, 164 என மூன்று பைட்டுகளாகிறது. 'தமிழ்' என்ற சொல் பதினைந்து பைட்டுகளாகிறது.

இம்முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. 127 வரையுள்ள எண்கள் தனித்து நிற்பவை, அவை ஆஸ்கியேதான். 128 முதல் 191 வரை உள்ளவை பின்தொடர்பவை. ஒருபோதும் முதலில் வாரா. 194 முதல் 244 வரை உள்ளவை ஓர் எழுத்தைத் தொடங்குபவை. மற்றவை வரவே கூடா. இப்போது என் நிரல் ஏன் நின்றது என்பது விளங்கும். டிஸ்கிக் கோப்பின் முதல் எழுத்து 'த'. அதன் எண் 190. பின்தொடர வேண்டிய எண் முன்னே நின்றது. "இது நான் அறிந்த முறையன்று" என்று நிரல் உண்மையைச் சொன்னது. நானோ அதன் வாயை அடைத்தேன்.

விளைவைப் பாருங்கள். இலக்கங்கள் ஆஸ்கியைச் சேர்ந்தவை. ஆதலால் அவை பிழைத்தன. தமிழெழுத்துகள் பொருந்தாதவை எனத் தள்ளப்பட்டன. 'ரா' என்பது டிஸ்கியில் 195, 161. இந்த இரட்டை யூ.டி.எப்.-8 முறையில் கீற்றணிந்த சிறிய 'ஏ'வாகத் தற்செயலாகப் பொருந்திவிடும். பெயர்கள் மறைந்த இடத்தில் அந்நிய எழுத்துகள் கிடந்த காரணம் இதுவே.

எழுத்தே அல்லாத கோப்புகளும் உண்டு. நிழற்படம், ஒலிப்பதிவு முதலியன அத்தகையவை. ஜேபெக் என்னும் படக்கோப்பு 255, 216 என்று தொடங்கும். யூ.டி.எப்.-8 முறையில் 255 வரவே கூடாது. படத்தை எழுத்தாகப் படிக்க முயலும் நிரல் முதலடியிலேயே இடறும். பி.என்.ஜி. என்னும் படக்கோப்பின் தொடக்கம் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவிலுள்ள 80, 78, 71 என்பவை பி, என், ஜி என்ற எழுத்துகளே. அடுத்து வரும் 13, 10 என்பவை வரிமுடிவைக் குறிப்பவை. கோப்பை எழுத்தெனக் கருதி எவரேனும் அனுப்பினால், இந்த வரிமுடிவு எண்கள் மாறிப்போகக்கூடும். மாறினால் படம் பழுதுற்றது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம். அதற்கென்றே அவற்றை அங்கு வைத்தனர்.

பொருந்தாத எண்ணைச் சந்தித்த நிரல் என்ன செய்யலாம்? வழிகள் நான்கு. நின்று அறிவிக்கலாம். தள்ளிவிட்டுப் போகலாம். அவ்விடத்தில் கருஞ்சாய்சதுரத்துள் கேள்விக்குறி ஒன்றை இடலாம். அல்லது படிக்க முடியாத எண்ணை அழிக்காமல் அப்படியே ஏந்திச் சென்று திரும்ப எழுதலாம். இரண்டாவதே மிக எளிது. மூலத்தின் மேல் எழுதும்போது மிகக் கொடியதும் அதுவே. மூன்றாவதும் மூலத்தை இழக்கச் செய்வதே. எனினும் இழந்த இடத்தையாவது காட்டும்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் பச்சைத் தோல் வந்ததும் அதைத் தொட்டியில் போட்டுவிடமாட்டார்கள். ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்று தடவிப் பார்த்த பின்னரே சுண்ணாம்பும் நாளும் முடிவாகும். கோப்புக்கும் அதுவே முறை என்பதை நான் காலங்கடந்து கற்றேன்.

நல்வினையாகத் தந்தையாரின் குறுந்தகடு பெட்டியில் பத்திரமாக இருந்தது. இம்முறை கோப்பை எழுத்தாகத் திறக்கவில்லை. பைத்தான் மொழியில் 'ஆர்பி' என்று குறித்தால் கோப்பு வெறும் பைட்டுகளாகவே கைக்கு வரும். எவ்வித ஊகமும் நுழையாது. முதல் நூறு எண்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். 190, 193, 162, 250 என்ற வரிசை டிஸ்கியைக் காட்டிக் கொடுத்தது. எண்ணுக்கு எழுத்தாக ஒரு பட்டியல் அமைத்தேன். டிஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கும். யூனிகோடில் பின்னே நிற்கும். ஆகவே கொம்புகளையும் இடம் மாற்றினேன். புதியதை வேறு பெயரில் எழுதினேன், மூலத்தைத் தொடவில்லை.

மறுவாரம் பெரியவரை அழைத்தேன். அவர் பெயரும், சேர்ந்த ஆண்டும், விலகிய ஆண்டும் ஒரே வரியில் நின்றன. அவர் அந்த வரியின்மேல் விரல் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, நாளை நீங்களும் நிரல் எழுதுவீர்கள். அதுவும் ஒருநாள் முறையிட்டு நிற்கும். அப்போது அதன் வாயை அடைக்காதீர்கள். மூலத்தைப் படியெடுத்து வையுங்கள். எண்களை எண்களாகப் பாருங்கள். எந்த அட்டவணை என்று கேளுங்கள். நமக்குப் படிக்கத் தெரியாதது பொருளற்றது ஆகிவிடாது. அது யாரோ ஒருவருடைய பெயராக இருக்கக்கூடும்.