கையெழுத்தில் பிறந்த குடிமக்கள்

காரைக்காலில் வரன் பேசும் இடத்தில் ‘மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சின் போக்கே மாறிவிடும். இந்த மவுசின் வேரைத் தேடினால், 1881 செப்டம்பர் 21ஆம் தேதியிட்ட பிரெஞ்சு அரசாணை ஒன்றில் போய் நிற்போம்.

பிரெஞ்சிந்தியாவில் பிறந்த இந்தியர், தம் சாதி, சமய வழக்கப்படியான சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம் என்றது அந்த ஆணை. அதிகாரி முன் ஒப்பமிட வேண்டும். குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணம், பாகப்பிரிவினை, வாரிசு எல்லாம் அன்றுமுதல் பிரெஞ்சு முறைப்படி. பின்வாங்க வழியில்லை.

இதில் முன்னின்றவர் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியர்போல் பூட்ஸ் போட்டு நீதிமன்றம் ஏறியதற்காக 1873இல் தண்டிக்கப்பட்டு, பாரீஸ்வரை வழக்காடி வென்றவர். பின்னாளில் லப்போர்த் என்பதைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அவர் வழியில் வந்தார்கள். மேல்சாதி இந்துக்களில் பெரும்பாலோர் ஒதுங்கியே நின்றார்கள். பழைய வழக்கத்தால் அவர்களுக்கு நட்டமில்லையே! சாதி கேட்காத சட்டம் என்பது சேரியில் பிறந்தவருக்குச் சின்ன விஷயமல்ல. இதை வெறும் காலனியத் தந்திரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அழைத்தவர்களே கதவையும் சாத்தினார்கள். 1884இல் வாக்காளர்களை ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர் என மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். 1899இல் பட்டியல் இரண்டானபோது, துறந்தவர்களில் பெரும்பாலோரை இந்தியர் பட்டியலுக்கே திருப்பி அனுப்பினார்கள். அதிகாரம் மனிதரை ஒடுக்குவதோடு நிற்பதில்லை, அவரை உருவாக்கவும் செய்கிறது என்றார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ. தம் நாட்டுக் காலனியின் இந்தப் பதிவேடுகளைப் பார்த்திருந்தால் அவருக்கு உதாரணம் தேட வேண்டியிருந்திருக்காது.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய பிரெஞ்சிந்தியாவின் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். பொதுமக்களிடம் வாக்கெடுப்பு இல்லை. 1962 ஆகஸ்ட் 16இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மறுபடியும் ஒரு கையெழுத்து! பிரெஞ்சுப் படையில் இருந்த ‘சொல்தா’ வீடுகளுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. பென்ஷன் அங்கிருந்துதானே வந்தது! கழனியில் கூலிக்கு நின்றவருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? ஒரே குடும்பத்தில் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் வந்தது இப்படித்தான்.

2022 ஏப்ரலில் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலும் வாக்குச்சாவடி இருந்தது. பிரெஞ்சு சரளமாகப் பேச வராதவர்களும் இங்கே பிரெஞ்சு வாக்காளர்கள்தான்.