மலைநாட்டில் ஒரு வானொலிக் கம்பி: ஹாம் ரேடியோவும் ஏரியல் கணக்கும்

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் பள்ளிவாசலில் 1940-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. மூணாறுக்குக் கீழே உள்ள இந்த ஊரிலிருந்துதான் அந்நாளைய திருவிதாங்கூருக்கு நீர்மின்சாரம் போயிற்று. அப்பேர்ப்பட்ட ஊரில், ஆடிக் காற்றில் நாலு மரம் விழுந்தால் நாங்கள் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மின்சாரம் நின்றால் செல்போன் கோபுரத்தின் பாட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்கப்புறம் கையிலிருக்கும் போன் வெறும் டார்ச் லைட்தான்.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் பலருக்கு மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உறவுகள் உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்ற ஒரு வரியை ஊருக்கு எப்படி அனுப்புவது? ஹாம் ரேடியோ என்னும் என் நெடுநாள் பொழுதுபோக்கு அதற்கு ஒரு விடை தருகிறது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையில் விலை கூடிய செட்டைவிட, கணக்கறிந்து கட்டிய கம்பிதான் முக்கியம். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

ஹாம் என்பவர் யார்?

அரசின் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, சொந்த வானொலி நிலையம் வைத்துப் பேசும் தனி மனிதரே ஹாம். நம் நாட்டில் 1921-லேயே கல்கத்தாவில் அமரேந்திர சந்திர கூப்டு என்பவர் 2 ஜே.கே. என்ற அழைப்புக் குறியோடு இதைத் தொடங்கிவிட்டார். இன்று இந்திய ஹாம்களின் குறி 'வி.யு.' என்று ஆரம்பிக்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவர் குறி வி.யு.2 ஆர்.ஜி.

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு இந்த உரிமத்தைப் பார்த்துக்கொள்கிறது. 12 வயது நிறைந்தவர் தேர்வு எழுதலாம். இரண்டு தரம் உண்டு. கீழ்த்தரத்துக்கு மோர்ஸ் எனப்படும் கட்டு-கடா தந்தி மொழி தெரிய வேண்டியதில்லை. மேல்தரத்துக்கு அதை நிமிஷத்துக்கு 8 சொல் வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். ஹாம் அலைவரிசையில் வியாபாரம் பேசக் கூடாது என்பது சட்டம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து இரும்புக்கடை வைத்தவன் நான். நாள் முழுக்க விலை பேசுகிறவனுக்கு, விலை பேசக் கூடாத ஓர் இடம் கிடைத்தது பெரிய ஆறுதல்.

சிற்றலையில் தொடங்கிய வழி

இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இரைச்சலும், குரல் ஏறி இறங்குவதும் மறக்காது. எனக்கும் முதல் பாடம் அதுதான். கூரையில் ஒரு செப்புக் கம்பியை இழுத்து வால்வு ரேடியோவோடு இணைத்தபோது தெளிவு கூடியது. பழைய ரேடியோவின் முகப்பில் '41 மீட்டர்' என்று எழுதியிருக்குமே, அதை ஒட்டினாற்போல் இருப்பதுதான் ஹாம்களின் 40 மீட்டர் அலைவரிசை. அதாவது 7 மெகா ஹெர்ட்ஸ்.

நன்னூலில் பவணந்தி முனிவர் எழுத்தொலியை அணுத்திரளின் விளைவாகச் சொல்கிறார். எங்கள் சமண மரபும் ஒலியைப் புத்கலம், அதாவது பருப்பொருள் என்றே கொள்ளும். அது தொண்டையில் பிறந்து காற்றில் போகும் ஒலியைப் பற்றிய பேச்சு. வானொலிக் கம்பியிலிருந்து கிளம்புவது ஒலியே அல்ல. அது மின்காந்த அலை, ஒளியின் இனம், நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நம் பேச்சை அதன்மேல் ஏற்றி அனுப்புகிறோம், மறுமுனையில் இறக்கிக்கொள்கிறார்கள். லாரியில் சரக்கு போவது மாதிரி.

மலை தடுக்கும் அலை, மலை தாண்டும் அலை

கையடக்க வாக்கி-டாக்கி 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரையில் பேசும். 2 மீட்டர் அலை என்பார்கள். இதற்கு ஏரியல் அரை மீட்டர் கம்பி போதும். ஆனால் இந்த அலை கிட்டத்தட்டப் பார்வை போகும் வழியேதான் போகும். சமவெளியில் அது சௌகரியம். பாலக்காட்டுக் கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. அங்கே கிழக்கும் மேற்கும் பேசிக்கொள்ள வாசல் திறந்தே இருக்கிறது. பள்ளிவாசலிலோ நாலு பக்கமும் சுவர். உயர்ந்த சிகரத்தில் 'ரிப்பீட்டர்' என்னும் மறு ஒலிபரப்பி இருந்தால் சுற்றி வரலாம். அதற்கும் மின்சாரம் வேண்டும்.

சுவர் நாலு பக்கம் இருந்தால் என்ன, கூரை திறந்துதானே இருக்கிறது! 7 மெகா ஹெர்ட்ஸ் அலையை நேர் மேலே அனுப்பினால், பூமிக்கு மேல் சுமார் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலம் அதைத் திருப்பிக் கீழே அனுப்பும். கிணற்றுக்குள்ளிருந்து மேலே பீய்ச்சிய தண்ணீர் குடையாக விரிந்து சுற்றிலும் விழுகிறதே, அது போல. விழும் வட்டம் சில நூறு கிலோமீட்டர். இங்கிருந்து கோயம்புத்தூரும் மதுரையும் நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. கொச்சியும் பாலக்காடும் அதற்கும் குறைவு. எல்லாமே வட்டத்துக்குள் அடக்கம். இடையில் ஆனைமுடியே நின்றாலும் கவலையில்லை.

அயனி மண்டலத்தை உண்டாக்குவது சூரியன். பகலில் 40 மீட்டர் அலை பக்கத்து ஊருக்கு நன்றாக விழும். பொழுது சாய்ந்ததும் அதே அலை பக்கத்தை விட்டுவிட்டு வெகுதூரம் போய்விடும். அப்போது பக்கத்துப் பேச்சுக்கு 80 மீட்டர், அதாவது 3.5 மெகா ஹெர்ட்ஸ், தேவைப்படும். சூரியன் மறையுமுன் சாப்பாட்டை முடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் அந்தி வேளை எனக்கு ஓய்வு. மதுரைக்காரர் குரல் மெல்ல மங்கி, புரியாத பாஷைக் குரல்கள் ஏறி வருவதை அந்த வேளையில் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன்.

கம்பியின் கணக்கு

'டைபோல்' என்னும் இரட்டைக்கை ஏரியல்தான் எல்லாவற்றுக்கும் தாய். கணக்கு சுலபம். 142.5-ஐ மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகா ஹெர்ட்ஸுக்கு 20.07 மீட்டர். அதை நடுவில் வெட்டினால் பக்கத்துக்கு 10 மீட்டர் சொச்சம். 80 மீட்டர் அலையில் 3.6 மெகா ஹெர்ட்ஸுக்கு மொத்தம் 39.6 மீட்டர். முதலில் ஒரு சாண் கூட வைத்துக் கட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கத்தரிக்க வேண்டும். கம்பியை வெட்டுவது சுலபம், வளர்ப்பது சிரமம். தையற்காரர் துணிக்குச் சொல்வதும் இதுதான்.

இரண்டு கைகளையும் தட்டையாக இழுக்க இரண்டு மரம் வேண்டும். சரிவான நிலத்தில் அதைவிட 'தலைகீழ் வி' வசதி. நடுவில் 7 அல்லது 8 மீட்டர் மூங்கில் கழி, உச்சியிலிருந்து இரு கைகளும் சரிந்து இறங்கும். கைகளுக்கு இடையிலான கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. முனைகளில் மின்னழுத்தம் மிகுதி; ஆள் தலைக்கு எட்டாத உயரத்தில் நைலான் கயிற்றால் கட்ட வேண்டும். பி.வி.சி. குழாய்த் துண்டே இன்சுலேட்டர். எங்கள் சில்வர் ஓக் மரங்கள் கயிறு கட்ட மிகத் தோதானவை.

இதில் உயரம் பற்றி ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்காவோடு பேச ஆசைப்படுகிறவர் கம்பியை 20 மீட்டருக்கு ஏற்றுவார். அலை சாய்ந்து தூரம் போகும். நமக்கு வேண்டியது மதுரையும் கொச்சியும். அதற்கு 5 முதல் 8 மீட்டர் உயரமே உத்தமம். அலை நேர் மேலே போகும். உயரம் குறைவது இங்கே குறையல்ல, அதுவே குணம்.

செட்டு

ஐகாம், யேசு, கென்வுட் போன்ற ஜப்பான் கம்பெனிகளின் செட்டுகள் பொதுவாக 100 வாட். பேசும்போது 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். 10 வாட் செட்டுக்கு ஓரிரண்டு ஆம்பியரே அதிகம். சக்தியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் மறுமுனை மீட்டரில் இரண்டு படிக்கும் குறைவாகத்தான் இறங்கும். மின்சாரம் இல்லாத மூன்றாம் நாளில் எது பேசும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய செட்டை நாமே செய்யவும் முடியும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2000-களின் தொடக்கத்தில் 'பிட்எக்ஸ்' என்ற செட்டை வடிவமைத்து, வரைபடத்தை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். உலகம் முழுக்க அதைச் செய்து பார்த்தார்கள். கிடைக்காத காந்த வளையத்துக்குப் பதில் தண்ணீர்க் குழாயில் போடும் நைலான் வாஷரில் கம்பி சுற்றலாம் என்று காட்டியவர் அவர். என் கடையில் டப்பாவில் கிடந்த வாஷருக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது! எனக்கு இதுவரை மூன்று செட்டு மாறிவிட்டது. கம்பி மட்டும் அதே கம்பி.

மழையும் இடியும்

ஐப்பசி மழையில் பிற்பகல் இடி இங்கே தவறாது. மேகம் கறுத்ததும் ஏரியல் வயரைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். மின்கம்பிக்கு மேலோ, விழுந்தால் அதைத் தொடும் தூரத்திலோ ஏரியல் ஒருக்காலும் கட்டக் கூடாது. மூடுபனி ஈரம் இணைப்புக்குள் இறங்கினால் கேபிளே வீண். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, வருஷம் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

எதற்கு இத்தனை பாடு?

1924-ஆம் ஆண்டு வெள்ளம் மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையே அழித்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள். 2018 ஆகஸ்டில் பள்ளிவாசல் பகுதியில் மண் சரிந்து சாலை அடைபட்டு, வெளிநாட்டுப் பயணிகள் உட்படப் பலர் விடுதியில் சிக்கிக்கொண்டார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் நம் தமிழ்க் குடும்பத்தார். கயத்தாறுப் பக்கம் உறவுள்ளவர்கள் பலர். மின்சாரமும் போனும் இல்லாததால் செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. வானொலி இருந்தால் மலை சரிவது நிற்காது. செய்தி அன்று இரவே இறங்கியிருக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மையாரும் அவர் குழுவினரும் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார்கள். அவர்கள் போனது ஹாம் பொழுதுபோக்குக்காகத்தான். ஏரியல் ஏற்கெனவே கட்டியிருந்தது, கை பழகியிருந்தது. அதனால் அன்றைக்கே செய்திகள் கடல் தாண்டின. ஆபத்து வந்த பிறகு வாங்கும் செட்டு உதவாது. தினமும் சும்மா பேசிப் பழகிய செட்டுதான் அன்றைக்கும் பேசும்.

ஆகவே சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் சிறியது. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பிள்ளைகளையாவது இந்தத் தேர்வு எழுத வையுங்கள். உரிமம் வந்ததும் சங்கக் கட்டடத்தின் மேல் 20 மீட்டர் கம்பி ஒன்று, 12 வோல்ட் பாட்டரி ஒன்று, சிறிய செட்டு ஒன்று. ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் கோவையோடும் மதுரையோடும் பேசிப் பழகட்டும். கம்பி அளந்து கொடுக்கவும் கட்டிக் கொடுக்கவும் நான் வருகிறேன். பஸ் செலவு சங்கத்துக்கு வேண்டாம்.